பதினாலாம் நம்பர் மனை

"கெழக்கே தெருன்னு போட்டிருக்குதே, உங்க வூட்டுக்குக் கெழக்கே தெருவா கீது?" என்று பழைய பத்திரத்தைப் படித்துவிட்டுக் கேட்டார் பத்திரம் எழுதும் கிருஷ்ணன்.

செல்வநாதன் யோசித்தார். அவர் வீட்டு வாசல் மேற்கே பார்த்தது. வாசலில் தெரு, தெருவுக்கு அந்தப் பக்கம் தேவாலயம். கிழக்கே, அதாவது முதுகுப் பக்கம், பூபாலன் வீட்டின் பின்சுவர்தான் இருந்தது.

"இல்லீங்க. தெரு மேக்கால கீது."

"அப்போ அந்தக் காலத்து குமாஸ்தா ரெண்டு திசையையும் மாத்தி எழுதிட்டான். சின்னத் தப்புதான். சர்வேயர வெச்சு அளந்து ஒரு பேப்பர் வாங்கியாந்தா திருத்திரலாம்."

சின்னத் தப்பு என்று சொன்னதைச் செல்வநாதன் நம்பினார். அது ஜூன் மாதம். அப்போது அவருக்கு நம்புகிற வழக்கம் இருந்தது.

வீட்டை விற்றே ஆகவேண்டும். மனைவி கிருபாவதிக்கு வாரத்தில் இரண்டு நாள் வேலூரில் டயாலிசிஸ். படவேட்டிலிருந்து பஸ்ஸில் போய்த் திரும்பினால் அன்று முழுக்க அவளால் தலை தூக்க முடியாது. மகள் ஜெப்சி வேலூரில் ஆஸ்பத்திரிக்கு நடந்து போகிற தூரத்தில் ஒரு சின்ன வீடு பார்த்து வைத்திருந்தாள். அந்த வீட்டின் சொந்தக்காரர் கிறிஸ்துமஸ் வரைக்கும் பொறுப்பதாகச் சொல்லியிருந்தார். இந்த வீட்டை வாங்க செங்கத்து வாத்தியார் ஒருவர் ரெடியாக இருந்தார். பேப்பர்தான் பாக்கி.

அளக்க மனு கொடுக்கத் தாலுகா ஆபீசுக்குப் போனார்.

"பட்டா கண்ணாயிரம் பேர்ல கீது. அவரு வந்து மனு குடுக்கணும்" என்றார்கள்.

"அவரு எங்கப்பாங்க. செத்து இருபது வருஷமாவுது."

"அப்போ பட்டாவ உங்க பேருக்கு மாத்திட்டு வாங்க."

பட்டா மாற்ற வாரிசுச் சான்று, வாரிசுச் சான்றுக்கு இறப்புச் சான்று. அதையும் ஆகஸ்டில் தேடி எடுத்துக்கொண்டு போனார். கிராம அலுவலர் அதைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இதுல செத்தவரு ஆபிரகாம்னு கீதே?"

"அப்பா ஞானஸ்நானம் எடுத்தப்போ வெச்ச பேருங்க. கோயில்ல அடக்கம் பண்ணப்போ அதையே குடுத்துட்டோம்."

"நீங்க சொல்றீங்க. பேப்பர்படி செத்தது ஆபிரகாம். கண்ணாயிரம் இன்னும் உசுரோடதான் கீறாரு. அவர இட்டாந்து ஒரு கையெழுத்து போட வெச்சா வேலை முடிஞ்சுது."

செல்வநாதனுக்குச் சிரிப்பு வரவில்லை. இருவரும் ஒருவரே என்று ஒரு சான்று வாங்கவேண்டும், அதற்குத் தெருக்காரர் ஒருவர் சாட்சிக் கையெழுத்து போடவேண்டும் என்றார்கள். தெருவே சர்ச்சுக்காரர்கள்தானே, ஆளுக்கா பஞ்சம் என்று நினைத்தார். சொந்தக்காரர் கையெழுத்து செல்லாது என்று அப்புறம் சொன்னார்கள். அந்தத் தெருவில் கொண்டு கொடுத்துச் சொந்தமாகாத வீடு ஒன்றுகூட இல்லை. சொந்தமில்லாமல், அப்பாவை நேரில் அறிந்த ஆள் முதுகுப் பக்கத்து வீட்டில்தான் இருந்தார்.

பூபாலன்.

பின்சுவரை ஒட்டிய அரையடி நிலம் யாருடையது என்ற தகராறில் பூபாலனும் செல்வநாதனும் பேசிப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. செல்வநாதன் சுற்றிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய், அந்தக் கிழக்கு வாசலில் நின்றார்.

"இன்னா செல்வநாதா, வழி தெரிஞ்சுதா?" என்றார் பூபாலன்.

செல்வநாதன் விஷயத்தைச் சொன்னார். கிருபாவதியின் உடம்பையும் சொன்னார்.

"கண்ணாயிரத்த எனக்குத் தெரியாதா? எங்கப்பாவும் அவரும் ஒரே நாள்ல மனை வாங்கனவங்க. எங்கப்பாவுக்குக் கெழக்கு வாசல்தான் வேணும், உங்கப்பாவுக்குக் கோயிலுக்கு எதிரதான் வேணும். டீக்கடைல ஒரே டீயில பேசி ஆளுக்கொன்ன எடுத்துக்கினாங்க. அவங்களுக்குள்ள சண்டையே கெடையாது. நீதான் அரையடிய முழுங்கிட்ட."

"நான் எங்க முழுங்கனேன்?"

"அளந்தா தெரியும். கையெழுத்து போடறேன். ஆனா சர்வேயர் வர்றப்போ நானும் நிப்பேன். ரெண்டு மனையும் அளக்கணும். எங்கப்பா பத்திரத்தையும் எடுத்தாந்து காட்றேன். அரையடி என்னுதுன்னு வந்தா செவுத்த இடிக்கணும்."

வேறு வழியில்லை. ஒத்துக்கொண்டார்.

செப்டம்பரில் சான்று வந்தது. அக்டோபரில் வாரிசுச் சான்று. நவம்பரில் பட்டா வந்தது, செல்வநாதன் என்ற பேரோடு, மனை எண் பதினாலு. அதைத் தடவிப் பார்த்தபோது அவருக்குக் கண் கலங்கியது. கிருபாவதி படுத்தபடியே கேட்டாள்.

"நான் போறதுக்குள்ள வித்துருவீங்களா?"

"எங்க போறவ நீ?"

"வேலூருக்குத்தான். வேற எங்க போவேன்?"

அவர் ஃபைலைக் கட்டி வைத்தார். அந்த ஃபைலைத் தூக்கி அடுப்பில் போட்டுவிட்டு அவளைத் தோளில் சுமந்தே வேலூருக்குப் போய்விடலாம் போல இருந்தது.

டிசம்பர் பத்தாம் தேதி சர்வேயர் வந்தார். கூடவே டேப் பிடிக்க ரமேஷ் என்ற உதவிப் பையன். பூபாலன் சலவை வேட்டியில், கையில் அவர் அப்பா பத்திரத்தோடு நின்றார். மேற்குத் தெருவிலிருந்து அளந்தார்கள். சுற்றிப் போய் கிழக்குத் தெருவிலிருந்தும் அளந்தார்கள்.

"செவுரு சரியா எல்லையில கீது. அரையடியும் இல்ல, அரை விரக்கடையும் இல்ல" என்றார் சர்வேயர்.

"பாத்தியா?" என்றார் செல்வநாதன். ஆறு மாதத்தில் அவர் சந்தோஷப்பட்டது அப்போதுதான். பூபாலன் பத்திரத்தை மடித்துக் கக்கத்தில் வைத்தார்.

சர்வேயர் அந்தப் பத்திரத்தைக் கேட்டு வாங்கினார். செல்வநாதனின் ஃபைலையும் வாங்கினார். இரண்டையும் வரைபடத்தின் மேல் வைத்து நிதானமாகப் படித்தார். கிழக்குத் தெருவுக்கு இன்னொரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்து துண்டால் முகம் துடைத்தார்.

"உங்க பேப்பர் எல்லாம் சுத்தமா கீதுங்க. பேரு, வாரிசு, பட்டா, எல்லை, எதையும் திருத்த வேணாம்."

"கெழக்கே தெருன்னு தப்பா கீதேங்க?"

"தப்பு இல்லீங்க. பதினாலாம் நம்பருக்குக் கெழக்கால தெருதான். நீங்க இருக்கறது பதினாலு இல்ல."

கிருபாவதி சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல வெளியே வந்திருந்தாள். திருத்த வேண்டாம் என்ற வார்த்தை மட்டும் அவள் காதில் விழுந்தது.

"அப்போ வூட்ட வித்துரலாமாங்க?"

சர்வேயர் தரையைப் பார்த்தார். டேப்பைச் சுற்றிக்கொண்டிருந்த ரமேஷ்தான் பதில் சொன்னான்.

"நாளைக்கே விக்கலாம்மா, காலி பண்ண வேண்டியது மட்டும் பூபாலன் அண்ணன்."