சுரக்குடியில் ஒரு சங்கந்தொடங்கி

மனித குலத்தில் சங்கந்தொடங்கி என்று ஓர் இனம் உண்டு. உங்கள் ஊரிலும் இருக்கும். தேட வேண்டியதில்லை, அதுவே உங்களைத் தேடி வரும். டீக்கடை வாசலில் நான்கு பேர் நின்றால் நமக்கு நான்கு பேர்தான் தெரிவார்கள். இந்த இனத்தின் கண்ணுக்கோ ஒரு துணைத் தலைவர், ஒரு செயலாளர், ஒரு பொருளாளர் தெரிவார்கள். மிச்சமிருக்கும் அப்பாவி, பொதுக்குழு. தலைவர் யார் என்கிறீர்களா? அதை ஏன் கேட்கிறீர்கள்!

காரைக்கால் பக்கத்துச் சுரக்குடியில் மரியசூசை இந்த இனத்தின் அப்பழுக்கில்லாத மாதிரி. மின்துறையில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற கையோடு தெருவிளக்குப் பாதுகாப்புக் குழு கண்டார். அடுத்து நடைப்பயிற்சியாளர் நலச் சங்கம். தினமும் உட்கார்ந்து பேசியதில் யாருக்கும் நடக்க நேரமில்லாமல் போயிற்று. பிறகு கொசு ஒழிப்பு இயக்கம். இயக்கம் இரண்டாக உடைந்தது. கொசுக்கள் கடைசிவரை ஒற்றுமையாக இருந்தன.

அந்தச் சமயத்தில்தான் மூடிக் கிடந்த பழைய ரைஸ் மில்லில் ஜார்கண்டிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆட்கள் வந்து தங்கினார்கள். நடவு நட்டார்கள், செங்கல் சுமந்தார்கள், கல்யாணங்களுக்குப் பந்தல் போட்டார்கள். ஊரார் எந்த வேலைக்கும் அவர்களைக் கூப்பிட்டார்கள். எந்த வீட்டுக்கும் கூப்பிடவில்லை. தெருக்குழாயில் அவர்கள் குடம் எப்போதும் கடைசி. அவர்களுடைய பிள்ளைகள் பள்ளிக்கூடத்து மதிலுக்கு வெளியே நின்று, உள்ளே அடிக்கிற மணியைக் கேட்டுக்கொண்டிருந்தன. மரியசூசைக்கு மனசு உருகியது. பொய்யில்லை, நிஜமாகவே உருகியது. உருகிய மனசு நேராக ஃபிளெக்ஸ் அச்சடிக்கும் கடைக்கு ஓடியதுதான் சங்கடம்.

‘புலம்பெயர் தொழிலாளர் உரிமைப் பாதுகாப்புப் பேரவை’ பிறந்தது. தொடக்க விழாவுக்குப் பந்தல் போட்டவர்கள் யார்? புலம்பெயர் தொழிலாளர்கள். நாற்காலி இறக்கியவர்கள்? அவர்களே. இறக்கிய நாற்காலிகளில் கொம்யூன் பஞ்சாயத்து வட்டாரத்துப் பெரிய மனிதர்கள் உட்கார்ந்துகொள்ள, தொழிலாளர்கள் பந்தக்காலோடு பந்தக்காலாக நின்றார்கள். “தம்பி, கொஞ்சம் ஒதுங்கு, பேனர் மறைக்குது” என்று தலைவர் அவர்களில் ஒருவனைக் கையால் ஒதுக்கிவிட்டு, “இந்த மக்களை இனி யாரும் ஒதுக்க முடியாது!” என்று முழங்கினார். கைதட்டல்.

பேரவை வளர்ந்தது. எப்படி? தென்னை மாதிரி, மேல்நோக்கி மட்டும். திருநள்ளாற்றுக்கு ஒரு கிளைத் தலைவர், காரைக்கால்மேட்டுக்கு ஒரு கிளைத் தலைவர், அவர்கள் சண்டை போட்டால் விலக்கிவிட ஒரு ஒருங்கிணைப்பாளர், மகளிர் அணிக்குத் தலைவி. தலைவி யார்? மரியசூசையின் மனைவி அந்தோணிமேரி. நியமனம் அவருக்கே மீன் வாங்கப் போன இடத்தில்தான் தெரிய வந்தது. சாதாரண உறுப்பினர் மட்டும் எங்குமே அகப்படவில்லை. புலம்பெயர்ந்தவர் என்று பார்த்தால் ஒருவருமில்லை.

இதைச் சுட்டிக்காட்டியவர் டீக்கடை ஜெகபர் அலி. பல வருடம் குவைத்தில் அரபி வீட்டில் டிரைவராக இருந்தவர். ஊரில் படிக்காத இந்தியை அங்கே கூடத் தங்கியிருந்தவர்களிடம் கற்றுக்கொண்டு வந்தவர்.

“சார், அவங்கள்ல ஒருத்தரயாவது கூப்புட்டு, என்னா வேணும்னு கேட்டீங்களா?”

“கேட்போம் பாய். அதுக்குத்தானே கருத்தரங்கு வைக்கப் போறோம்.”

“நாங்க அங்க பாஸ்போர்ட்ட முதலாளிகிட்ட குடுத்துட்டு முழிச்சப்ப, கருத்தரங்கு வேணும்னு யாரும் அழுவலிங்க சார்.”

மரியசூசை சிரித்துக்கொண்டே அவரையும் துணைச் செயலாளர் ஆக்கினார். கேள்வி கேட்பவனுக்குப் பதவி கொடுப்பது இந்த இனத்தின் பிறவிக் குணம்.

கருத்தரங்குப் பேனர் தயாரான நாளில்தான் அது நடந்தது. வடக்கிலிருந்து பிள்ளை பிடிக்கிற கூட்டம் வந்திருக்கிறது என்று காலையிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு வதந்தி சுற்றிக்கொண்டிருந்தது. சாயங்காலம், மில்லில் தங்கியிருந்த சோம்ரா காய்ச்சல் கண்ட தன் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தான். பிள்ளை அழுதது. வாய்க்கால் மதகடியில் யாரோ நிறுத்தினார்கள். “புள்ள ஏன்டா அழுவுது?” என்றால் அவனுக்குப் புரியவில்லை, அவன் சொன்னது இவர்களுக்குப் புரியவில்லை. கண்மூடித் திறப்பதற்குள் முப்பது நாற்பது பேர். லோடு ஆட்டோ ஓட்டுகிற செம்பியன் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தான். எவனோ வேலியிலிருந்து கம்பு ஒடித்தான்.

ஸ்கூட்டரில் பேனரோடு வந்த மரியசூசை இதைப் பார்த்தார். சோம்ராவை அவருக்கு அடையாளம் தெரிந்தது: விழாவில் அவர் கையால் ஒதுக்கிய அதே ஆள். திரும்பிப் போய்விடலாமா என்று தோன்றியது. ஸ்கூட்டரைத் திருப்பவும் திருப்பினார். அதற்குள் குழந்தை வீறிட்டது. இறங்கி ஓடி மதகின் மேல் ஏறிவிட்டார். ஏறியது வரைக்கும் தைரியம். அதற்கு மேல் என்ன செய்வது? மனிதருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதானே!

“பெரியோர்களே! தாய்மார்களே!”

கூட்டம் திரும்பிப் பார்த்தது.

“இந்த நிகழ்வுக்குத் தலைமை ஏற்று வருகை தந்திருக்கும் எனது அருமைத் தம்பி, உழைப்பால் உயர்ந்த உத்தமர், திருவாளர் செம்பியன் அவர்களே!”

பெயரைச் சொல்லி அழைத்தால் எந்தத் தமிழனுக்குத்தான் கை சும்மா இருக்கும்? செம்பியன் அனிச்சையாக இரண்டு கையையும் கூப்பினான். சோம்ராவின் சட்டை விடுபட்டது. கம்போடு நின்றவனை ‘முன்னிலை வகிக்கும்’ என்றார். அவன் கம்பைப் பின்னால் மறைத்தான். ஒவ்வொரு பெயராக வரவேற்று, சுரக்குடியின் வரலாற்றைத் தொட்டபோது ஓரத்திலிருந்தவர்கள் நழுவினார்கள். காவிரிக்கு வந்தபோது பாதிப் பேர் இல்லை. ஆனாலும் மனிதர் நிறுத்தவில்லை. நிறுத்தினால் அடி விழும் என்று தெரியும்.

சேதி கேள்விப்பட்ட ஜெகபர் அலி, சோம்ராவின் மனைவி பூல்மணியைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். “மாய்!” என்று குழந்தை தாயிடம் தாவியது. அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

“அவம் புள்ளதாம்பா. உடம்பு நெருப்பா சுடுது, பாருங்க” என்றார் ஜெகபர் அலி.

யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கடைசியில் செம்பியன்தான், “வண்டில ஏறச் சொல்லுங்க பாய்” என்றான்.

மரியசூசை மதகிலிருந்து இறங்க முடியாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்குப் போனதும் அந்தோணிமேரி காப்பியை நீட்டி, “ஏங்க, மைக்கு இல்லாமயா பேசுனீங்க?” என்றார். கிண்டல்தான். ஆனால் டம்ளரைக் கொடுத்துவிட்டு, அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு மில்லுக்குள் கூட்டம். கூட்டியது பூல்மணி. பேனர் இல்லை, நாற்காலி இல்லை, எல்லோரும் தரையில். பூல்மணி பேசியதை ஜெகபர் அலி தமிழில் சொன்னார்: “ஒரு போன் நம்பர் வேணுமாம். அடிச்சா எடுக்கணும். எடுத்தா வரணும். அவ்வளவுதானாம்.”

மரியசூசை தன் நம்பரைக் கொடுத்தார். மறுநாளே மணியடித்தது: பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க உடன் வர வேண்டும். போனார். தலைமையாசிரியரிடம் பேசுவதற்கு இரண்டே வாக்கியம் போதும் என்பது அவருக்கு அதிர்ச்சியாக இருந்தது. பிறகு காரைக்கால்மேட்டில் படகேறும் ஒடிசாக்காரர்கள் கூப்பிட்டார்கள்; திருநள்ளாற்று லாட்ஜுகளில் துணி துவைக்கிறவர்கள் கூப்பிட்டார்கள். அவசரத்துக்குச் செம்பியனின் வண்டி வந்தது. குழாயடியில் அந்தோணிமேரி நின்று, “அந்தப் பொண்ணு மொதல்லயே வந்துட்டா, வழி விடுங்க” என்றார். மகளிர் அணி அன்றைக்குத்தான் உண்மையில் தொடங்கியது. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மில் கொள்ளவில்லை, முற்றத்திலும் ஆள்.

ஒரு ஞாயிறு, கூட்டத்துச் சமையலுக்கு உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே மரியசூசை மெல்லக் கேட்டார்: “பூல்மணி, ஒரு அமைப்புன்னா தலைவர்னு ஒருத்தர் வேணும்ல?”

கொச்சைத் தமிழில், அண்ணனுக்கு மட்டும் தன் ஊர்ச் சொல்லைப் போட்டு, அவள் சொன்னாள்: “வேணாம் சூசை பையா. நீ நல்லா உரிக்கிறே.”

அன்றைக்கு அவர் முகம் சுருங்கியதை ஜெகபர் அலி பார்த்தார். சாப்பாட்டு நேரத்தில், சோம்ராவின் மகள் அவர் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு அவர் தட்டிலிருந்தே எடுத்துச் சாப்பிட்டபோது அது விரிந்ததையும் பார்த்தார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் உண்மையைச் சொல்லுங்கள்: இந்த மரியசூசையைப் பாராட்டி நம் ஊரில் ஒரு கூட்டம் போட்டால் என்ன என்று உங்களுக்கு நடுவிலே ஒரு தரம் தோன்றியதா இல்லையா? தோன்றியதோடு, வரவேற்புரை யார் தலையிலாவது கட்டிவிட்டு, சிறப்புரையை நீங்கள் வைத்துக்கொண்டீர்களா இல்லையா?