நீங்கள் சொல்ல வந்தது இதுதானே?

மனிதர்களில் ஒரு வகை உண்டு. நீங்கள் வாயைத் திறந்து மூன்றாவது சொல்லுக்குப் போவதற்குள் மீதி வாக்கியத்தை அவர்களே முடித்து உங்கள் கையில் கொடுத்துவிடுவார்கள். நீங்கள் கேட்க வேண்டியதில்லை. தபால் அலுவலகத்தில் "இந்தப் பார்சலை..." என்று தொடங்கினால் "வெளிநாடா? அந்த வரிசை" என்று கைகாட்டுபவர், "ரெண்டு நாளா ராத்திரியில..." என்றதும் மருந்துச் சீட்டில் பாதியை எழுதிவிடும் மருத்துவர், "எங்க மாமனார்..." என்று நீங்கள் ஆரம்பித்தவுடன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு "எப்போ எடுக்கறாங்க?" என்று கேட்கும் நண்பர் எல்லாரும் இந்த இனம்தான். மாமனார் புதுச் செருப்பு வாங்கியதைச் சொல்ல வந்த நீங்கள், அதன் பிறகு செருப்பைப் பற்றி எப்படிப் பேசுவீர்கள்?

இவர்களைச் சொல்லிமுடிப்பவர்கள் என்று வைத்துக்கொள்வோம். இவர்களிடம் கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. அதுதான் சங்கடம். கெட்ட எண்ணம் இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போகலாம். உதவி செய்கிறவரை என்னவென்று திட்டுவது? ஊகம் தப்பிப்போனாலும் அவர்கள் வெட்கப்படுவதில்லை. நீங்கள் மனத்தை மாற்றிக்கொண்டதாக எடுத்துக்கொண்டு, பெருந்தன்மையோடு மன்னித்துவிடுவார்கள்.

இந்த இனத்தில் பழுதில்லாத மாதிரி ஒருவரை எனக்குத் தெரியும். ஒரே தளத்தில் ஒன்பது வருடம் வேலை பார்த்தோம். அலுவலகத்தில் அவருக்கு ‘அதானே’ என்று பெயர். யார் எதைச் சொன்னாலும் பாதியில் வாங்கி, முடித்து, கடைசியில் "அதானே?" என்று முத்திரை குத்துவார். அவருடைய உண்மைப் பெயர் சம்பளப் பட்டியல் போடுகிறவருக்குத் தெரிந்திருக்கும்.

எங்கள் அலுவலகத்தின் வேலையைச் சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுத மனிதர்கள் உண்டாக்கிய மொழிகள் இருக்கின்றன அல்லவா, அவற்றில் ஒன்றைப் பராமரிப்பது எங்கள் பிழைப்பு. நீங்கள் எழுதியதை வரிவரியாகப் படித்து, கம்ப்யூட்டர் செய்யக்கூடிய வேலையாக மாற்றித் தருவது கம்பைலர் என்கிற புரோகிராம். படித்துக்கொண்டே வரும்போது எங்காவது இடறினால் நின்றுவிடும். நின்று, என்ன கோளாறு என்று சொல்லும். முன்பெல்லாம் ‘வரி 40: தவறு’ என்பதோடு அதன் பேச்சு முடிந்துவிடும். வீட்டுக்கு வந்தவரிடம் ‘தப்பு’ என்று மட்டும் சொல்லிக் கதவைச் சாத்துவது போல. இந்த முரட்டுத்தனத்தைப் போக்க வேண்டும், பிழைச் செய்திகள் இதமாகவும் உபயோகமாகவும் இருக்க வேண்டும் என்று ஒரு பிரிவு அமைத்து, அதற்குத் தலைவராக அதானேயை நியமித்தார்கள். உலகத்தில் எத்தனையோ நியமனங்கள் ஆளுக்கும் வேலைக்கும் பொருத்தமில்லாமல் நடக்கின்றன. இது அளவுக்கு மீறிப் பொருந்திவிட்டது.

அவர் உழைத்தார். அதை மறுக்க முடியாது. மூன்றே வருடத்தில் கம்பைலர் அவரைப் போலவே பேச ஆரம்பித்தது. எங்கே இடறினாலும், கோளாறு இன்னது என்று ஒரு வரி, அதன் கீழே ‘நீங்கள் சொல்ல வந்தது இதுதானே?’ என்று ஒரு வரி, பக்கத்தில் ‘ஆம்’ என்று ஒரு பொத்தான். அதை அழுத்தினால் கம்பைலர் தானே திருத்திக்கொள்ளும். ‘இல்லை’ என்பதற்குப் பொத்தான் வைக்கவில்லை. அது தேவைப்படும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எத்தனை பேர் ‘ஆம்’ அழுத்தினார்கள் என்ற விகிதம் அவர் மேசைக்கு மேலே ஒரு திரையில் ஓடிக்கொண்டே இருக்கும். எண்பது தாண்டிய அன்று எல்லாருக்கும் இனிப்பு கொடுத்தார். மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்பது மக்களைவிடத் தனக்கு நன்றாகத் தெரிகிறது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

நடைக்கு எதிர்ப்புறம் லைப்ரரி பிரிவு. புத்தகம் இருக்காது. மொழியோடு கூடவே வருகிற ஆயத்தக் கருவிகளின் தொகுப்புக்கு அப்படிப் பெயர். எல்லாருக்கும் அடிக்கடி வேண்டியிருக்கிற சின்னச் சின்ன வேலைகளை முன்கூட்டியே எழுதி வைத்திருப்பார்கள். அதன் தலைவியைச் ‘சுத்தம் மேடம்’ என்போம். எதையாவது கழித்துக்கட்டினால்தான் அவருக்கு அன்றைய பொழுது போகும். போன பதிப்பில், வரிசையாக நிற்கும் விஷயங்களைக் கையாளும் பகுதியில் ஒரு கருவியைத் தூக்கினார். பெயர்களை நம் வசதிக்குத் தமிழில் வைத்துக்கொள்வோம். ‘காட்டு’ என்று ஒன்று இருந்தது. வரிசையில் முதலில் நிற்பது யார் என்று காட்டும், அவ்வளவுதான். ‘அழை’ என்று இன்னொன்று. அது முதலில் நிற்பவரை வரிசையிலிருந்து வெளியே கூப்பிட்டுவிடும். கூப்பிட்டால் யாரென்று தெரிந்துவிடப்போகிறது, இதில் தனியாகக் காட்டுவதற்கு ஒரு கருவி எதற்கு என்று ‘காட்டு’வை எடுத்துவிட்டார். யாருமே புகார் சொல்லவில்லை. புகார்ப் படிவத்தையும் அதானேதான் வடிவமைத்திருந்தார். நாலு எழுத்து அடித்தால் மீதிப் புகாரை அதுவே எழுதிக்கொள்ளும்.

இனி அதானேயின் மச்சினிக்கு வருவோம். ஒரு பெரிய மருத்துவமனையில் பதினோரு வருடமாக எக்ஸ்ரே எடுப்பவள். நோயாளிகளைத் தூக்கித் தூக்கி மேசையில் படுக்கவைத்து அவள் முதுகு போயிருந்தது. இன்னும் ஒரு வருடம் இப்படித் தூக்கினால் அதே மேசையில் நீங்கள் படுக்க வேண்டிவரும் என்று அங்கேயே வேலை செய்யும் எலும்பு மருத்துவர் சொல்லிவிட்டார். அந்த மருத்துவமனையின் கம்ப்யூட்டர் பிரிவில் ஓர் இடம் காலியானது. உள்ளே இருப்பவர்களும் விண்ணப்பிக்கலாம், ஆனால் இந்த மொழியில் ஒரு சின்ன புரோகிராம், ஓடுகிற நிலையில், சனிக்கிழமை மாலை ஐந்துக்குள் அனுப்ப வேண்டும் என்று நிபந்தனை. ராத்திரி ராத்திரியாக நாலு மாதம் படித்தவள், தனக்குத் தெரிந்ததையே எடுத்துக்கொண்டாள். எக்ஸ்ரே அறைக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் வரிசை. எல்லாம் எழுதிவிட்டாள். ஒரே ஓர் இடத்தில் நின்றுபோயிற்று.

அக்கா புருஷன் அந்த மொழியின் அலுவலகத்திலேயே தலைவர். கேட்க வேண்டியதுதானே என்பீர்கள். கேட்டாள். திங்கட்கிழமை போன் செய்து, "அத்தான், அந்த வரிசையில..." என்றாள். வரிசை எண் ஒன்றிலிருந்து தொடங்காது, பூஜ்யத்திலிருந்து தொடங்கும் என்று இருபது நிமிடம் விளக்கினார். அது அவளுக்கு முதல் வாரமே தெரியும். செவ்வாய்க்கிழமை, "இல்ல அத்தான், நான் சொல்றது..." என்றாள். பழைய பதிப்பைப் போட்டிருக்கிறாய், புதிதாகப் போடு என்றார். புதிதாகத்தான் போட்டிருந்தாள், வினையே அதுதான். வியாழக்கிழமை நேரிலேயே வந்து, எதையும் சொல்லாமல் லேப்டாப்பைத் திறந்தாள். மூடி திறப்பதற்குள், கீபோர்டுதானே என்று வேறொரு கீபோர்டை எடுத்துவந்து செருகினார். அவர் மனைவி சமையலறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் கல்யாணமான இரண்டாம் வருடத்திலிருந்து கணவரிடம் வாக்கியத்தை முடிப்பதில்லை. எழுவாயை மட்டும் சொல்லிவிட்டு, வருவது வரட்டும் என்று இருந்துவிடுவார்.

சனிக்கிழமை மதியம் அதானேக்குப் பல் பிடுங்கினார்கள். பிடுங்கிய இடத்தில் பஞ்சை வைத்து, சாயங்காலம் வரை இறுகக் கடித்துக்கொண்டிருக்க வேண்டும், வாயைத் திறந்தால் ரத்தம் நிற்காது என்று அனுப்பிவைத்தார் பல் மருத்துவர். மூன்றேகாலுக்கு மச்சினி வந்து கதவைத் தட்டினாள். அத்தான் இருக்காரா என்று கேட்டாள்.

"இருக்கார். இன்னைக்குப் பேச மாட்டார். சீக்கிரம் உட்காரு" என்றார் அக்கா.

உட்கார்ந்தாள். அதானே ஒரு தாளை இழுத்து, அவள் பேசத் தொடங்குமுன்பே ‘அழை?’ என்று எழுதி நீட்டினார். அவள் அந்தத் தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

"நான் முடிக்கற வரைக்கும் எழுதவும் கூடாது அத்தான். எக்ஸ்ரே ரூம் கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பேன். முதல்ல யாரு உட்கார்ந்திருக்காங்கன்னு எனக்குத் தெரியணும். கால் உடைஞ்ச ஆளா இருந்தா மேசையை இறக்கி வைக்கணும். குழந்தையா இருந்தா அம்மாவுக்கும் சேர்த்துக் கவசம் எடுத்து வைக்கணும். பார்க்க மட்டும்தான் செய்வேன், கூப்பிட மாட்டேன். கூப்பிட்டா எழுந்து உள்ள வந்துடுவாங்க. எனக்கு இவ்வளவுதான் வேணும். பார்க்கணும், ஆனா வரிசை கலையக் கூடாது. இதுக்கு உங்க மொழியில என்ன எழுதணும்?"

இதைச் சொல்ல அவளுக்கு அரை நிமிடம் ஆயிற்று. ஆறு நாளாக அந்த அரை நிமிடம்தான் கிடைக்காமல் இருந்தது.

பிறகு திரையைக் காட்டினாள். ‘காட்டு’ என்று எழுதியிருந்தாள். கம்பைலர், ‘காட்டு என்று இப்போது எதுவும் இல்லை. நீங்கள் சொல்ல வந்தது அழை தானே?’ என்றது. ‘ஆம்’ அழுத்தினாள். கம்பைலர், ‘அழை என்றால் வரிசை கலையும், கலையக் கூடாது என்று நீங்களே மேலே எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் சொல்ல வந்தது காட்டு தானே?’ என்றது. ‘ஆம்’ அழுத்தினாள். காட்டு என்று இப்போது எதுவும் இல்லை என்றது.

"இந்த வாரத்துல இருபத்து மூணு தடவை சுத்தி வந்துட்டேன். ஒவ்வொரு தடவையும் நான்தான் ஏதோ தப்பா அழுத்தறேன்னு நெனச்சேன்."

இருபத்து மூன்று சுற்று என்றால் நாற்பத்தாறு சம்மதம். அந்த வாரம் அலுவலகத் திரையில் விகிதம் ஏன் ஏறியது என்று அதானேக்கு விளங்கியது. ஆனாலும் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துத் தானே நாலு முறை ‘ஆம்’ அழுத்திப் பார்த்தார். தான் எழுதிய வாக்கியங்கள், தான் எழுதிய அதே இதத்தோடு, தன்னை ஒரு வாசலிலிருந்து இன்னொரு வாசலுக்கு அனுப்புவதைப் பார்த்தார். பிறகு தாளை எடுத்து, நிமிர்த்தி, ‘அழை?’ என்பதற்குக் கீழே ‘தெரியலை’ என்று எழுதினார். அந்தத் தாளை அவர் மனைவி இப்போது கல்யாணப் பத்திரிகை இருக்கும் கோப்பில் வைத்திருக்கிறார்.

மச்சினி அதைப் படித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள். மணி நாலு. அத்தானுக்கே தெரியாது என்றால் தப்பு தன்னுடையதில்லை என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். முகம் தெளிந்துவிட்டது. தனக்குத்தானே பேசிக்கொள்வது போல மெல்லச் சொன்னாள்: "அப்போ இந்த வரிசையை அப்படியே இன்னொண்ணா நகல் எடுத்துக்கிட்டு, நகல்லேர்ந்து ஒருத்தரைக் கூப்பிட்டு யாருன்னு பார்த்துட்டு, நகலைத் தூக்கிப் போட்டுட்டா? நெஜ வரிசை உட்கார்ந்த எடத்துலயே இருக்கும்ல?"

அதானே தலையை ஆட்டினார். இன்னொருவர் வாக்கியம் முடிந்த பிறகு அதை ஆமோதித்தது அவர் வாழ்வில் அநேகமாக அது முதல் தடவை. புரோகிராம் ஓடியது. நாலு ஐம்பத்திரண்டுக்கு அனுப்பிவிட்டாள்.

ஆள் திருந்திவிட்டார் என்று இந்த இடத்தில் நீங்கள் முடிவு கட்டியிருப்பீர்கள். சரி, திங்கட்கிழமை நடந்ததையும் கேட்டுவிடுங்கள்.

அன்று காலைக் கூட்டத்தில் அவர் மெய்யாகவே ஒரு புதிய பிழைச் செய்தியோடு வந்தார். ‘நீங்கள் என்ன செய்ய விரும்புகிறீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை’ என்பதுதான் முழுச் செய்தியும். கம்பைலருக்குப் புரியாத இடங்களில் இது மட்டும் வர வேண்டும், அதன் கீழே ஆட்கள் தங்கள் விருப்பத்தை எழுத வெற்றிடம் விட வேண்டும் என்று சொல்ல எழுந்தார். "எனக்கு ஒரு விஷயம் தெரியலைன்னா..." என்று ஆரம்பித்தார். ஒன்பது வருடமாக அவரிடம் பயின்ற அறை அது. தெரியாவிட்டால் எங்களைக் கேளுங்கள், அதற்குத்தானே இருக்கிறோம் என்றது ஒரு குரல். விகிதம் குறைந்துவிடும் என்று பயப்படுகிறீர்கள், புரிகிறது என்றது இன்னொன்று. சுத்தம் மேடம், ‘காட்டு’வைத் திரும்பக் கொண்டுவரச் சொல்கிறார் என்று ஊகித்து, யாரும் கேட்காததை எதற்குக் கொண்டுவர வேண்டும் என்று கேட்டார். யாரும் கேட்கவில்லை என்பது உண்மைதான். கேட்க வந்தவர்களின் கதையைத்தான் இவ்வளவு நேரம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அதானே நாலு முறை எழுந்து நாலு முறை உட்கார்ந்தார். கடைசியில் எல்லாருக்கும் சம்மதமான ஒரு வடிவத்தில் செய்தி நிறைவேறியது. இப்போது நீங்கள் அந்த மொழியில் இடறினால் இப்படி வரும்: ‘நீங்கள் என்ன செய்ய விரும்புகிறீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை. அநேகமாக அழை.’ பக்கத்தில் ‘ஆம்’. விகிதம் தொண்ணூற்றொன்று.

பத்து நாள் கழித்து மச்சினி போன் செய்தாள். "அத்தான், ரிசல்ட் வந்துடுச்சு, எனக்கு..." என்றாள். அவர் பெருமூச்சு விட்டார். மனசை விட்டுவிடாதே, இந்த மருத்துவமனை இல்லாவிட்டால் இன்னொன்று, முதுகுக்கு நல்ல பயிற்சிகள் இருக்கின்றன, நீ செய்தது நல்ல முயற்சி என்று கால் மணி நேரம் ஆறுதல் சொன்னார். குரல் தழுதழுத்தது. பாசத்துக்குக் குறைவே இல்லை. அவள் குறுக்கே பேசவில்லை. தாங்க்ஸ் அத்தான் என்று வைத்துவிட்டாள். வேலையில் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. ஒரு மாதத்தில் தானாகத் தெரிந்துகொள்வார் என்று அக்காளும் தங்கையும் காத்திருக்கிறார்கள். அவரோ ஞாயிற்றுக்கிழமைதோறும் அவளுக்கு வேறு வேலை தேடிக்கொண்டிருக்கிறார்.

இதைப் படித்துக்கொண்டு வரும்போது உங்கள் அலுவலகத்தில் ஒருவர், உங்கள் வீட்டில் ஒருவர், குறிப்பாக அந்த மைத்துனர், கண்முன் வந்திருப்பார். அவருக்கு இதை அனுப்பிவைக்கலாம் என்று தோன்றியிருக்கும். அனுப்புங்கள். அவரும் உங்களுக்கு அனுப்பலாம் என்றுதான் எடுத்து வைத்திருக்கிறார். நீங்கள் இப்போது ஏதோ சொல்ல வாயெடுக்கிறீர்கள். "இல்லைங்க, நான் அப்படியெல்லாம்..." என்று ஆரம்பம்.

மேலே சொல்ல வேண்டாம். புரிந்துவிட்டது.