பெட்டிக்குப் பின்னால் ஒரு போர்டு

இயற்பியல் டீச்சர் வீட்டில் மிக்ஸி ஓடவில்லை என்றால் அதை டீச்சரிடம் மட்டும் சொல்லக் கூடாது. மிக்ஸி ஏன் ஓடவில்லை என்பதை நான் படம் போட்டு விளக்கிவிடுவேன், சட்னிதான் வராது. எங்கள் வீட்டில் இது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும், தூத்துக்குடியில் எங்கள் வீட்டு முன்னறையில் நின்றுகொண்டு, "நானே ஸ்டூடியோ மானிட்டர் ஸ்பீக்கர் செய்யப்போறேன்" என்று நான் அறிவித்தபோது ஒருவரும் தடுக்கவில்லை. (தடுத்தாலும் கேட்டிருக்க மாட்டேன், அது வேற கதை.)

மானிட்டர் என்பது உட்கார்ந்து பாட்டு ரசிக்கிற ஸ்பீக்கர் இல்லை. பதிவு செய்த பாட்டில் யார் குரல் கூடியிருக்கிறது, யார் குரல் அமுங்கியிருக்கிறது என்று பார்த்துச் சரிசெய்வதற்கானது. வகுப்பு லீடர் மாதிரி என்று வையுங்கள். பேசினவன் யாராக இருந்தாலும் பேரைப் போர்டில் எழுதிவிட வேண்டும், நண்பன் என்று பார்க்கக் கூடாது. எங்கள் சபைப் பாடகர் குழுவின் பாட்டுகளை நான்தான் கம்ப்யூட்டரில் சேர்த்துக் கொடுப்பேன். ஹெட்போன் மாட்டிக்கொண்டு செய்வேன். யாரும் பெரிதாகக் குறை சொன்னதில்லை. அப்படியே விட்டிருக்கலாம்.

விடாததற்குக் காரணம் மாமா. மாமா என்றால் என் மாமனார். இளம்வயதிலிருந்தே பாடகர் குழுவில் பேஸ், அதாவது அடிக்குரல் பாடுகிறவர். பேஸ் பாடுகிறவர்கள் பாவப்பட்ட ஜென்மங்கள். மெட்டு முழுக்கப் பெண்களுக்குப் போய்விடும். மிச்சம் மீதியை ஆண்களில் மேல்குரல் பாடுகிற டெனர்காரர்கள் பிடுங்கிக்கொள்வார்கள். இவர்களுக்குக் கிடைப்பது பின்னால் நின்று "உம்ம்" என்பது மட்டும்தான்.

போதாக்குறைக்கு மாமாவுக்கு ஓர் அண்ணன். சாத்தான்குளத்தில் இருக்கிறார், நாங்கள் பெரிய மாமா என்போம். காது மந்தம். காதுக்கு வாங்கிக் கொடுத்த மெஷினை, பழுதாகிவிடும் என்று பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறார். எங்கள் சபையில் ஆண்டுதோறும் அசனம் நடக்கும். ஊரே பந்தலில் உட்கார்ந்து சோறும் கறியும் சாப்பிடுகிற பண்டிகை. அதற்குப் பெரிய மாமா தவறாமல் வருவார். வந்து, பாட்டு முடிந்ததும் எல்லோர் முன்னாலும் ஒரே கேள்வியைக் கேட்பார்.

"ஏலே தம்பி, நீ பாடினியா, வாயை மட்டும் அசைச்சியா?"

எல்லோரும் சிரிப்பார்கள். மாமாவும் சிரிப்பார். ஆனால் வீட்டுக்கு வந்தபின் அத்தை காப்பி கொண்டுவந்து வைத்தால் ஆறிப்போகிறவரை தொடமாட்டார்.

அந்த வருஷம் புதுப்பாட்டு ஒன்றில் குழுத் தலைவர் மாமாவுக்கென்று தனியாக ஒரு வரி கொடுத்துவிட்டார். "ஆழியின் அடியிலும் நீர் என்னோடு." மாமா தனியாகப் பாட வேண்டும். அசனத்தன்று குழுவினர் எல்லோரும் வாளியைத் தூக்கிக்கொண்டு பரிமாறப் போய்விடுவார்கள் என்பதால், பாட்டை முன்பே பதிவுசெய்து மைக்செட்டில் போடுவதாக ஏற்பாடு. மாமா என் அறை வாசலில் வந்து நின்றார்.

"எம்மா, எங்க அண்ணனுக்குக் கேக்கணும். ஒரு தடவை கேட்டாப் போதும். வேற ஒண்ணும் வேண்டாம்."

அதற்குப் பிறகு எனக்கு ஹெட்போன் போதவில்லை. விலைக்கு வாங்கியிருக்கலாம். ஆனால் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு அலையும் அதிர்வும் நடத்துகிறவள், ஒரு மரப்பெட்டிக்குள் ஸ்பீக்கரை மாட்டத் தெரியாதவளா? யூடியூபில் ஒரு வெள்ளைக்காரன் சிரித்துக்கொண்டே அரை மணி நேரத்தில் செய்து முடித்தான். அவன் சிரித்ததை நம்பி நானும் இறங்கினேன்.

ஸ்பீக்கரையும் ஆம்ப்ளிஃபயரையும் ஆன்லைனில் வரவழைத்தேன். பெட்டி செய்ய, எங்கள் ஊர்ப் பக்கத்துப் புதுக்கோட்டையில் ஆலயத்துக்கு பெஞ்சு செய்து தருகிற ஆசாரி அண்ணாச்சியிடம் படம் வரைந்து கொடுத்தேன். நல்ல படம். அளவெல்லாம் மில்லிமீட்டரில். பின்பக்கம் ஒரு வட்டம் போட்டு, அம்புக்குறி இழுத்து, அவருக்குப் புரியட்டும் என்று தமிழிலேயே 'போர்ட்' என்று எழுதியிருந்தேன். போர்ட் என்பது பெட்டிக்குள் இருக்கும் காற்று வந்துபோகிற துளை. அடிக்குரலுக்கு உயிரே அதுதான். போனிலும் சொன்னேன்.

"அண்ணாச்சி, பின்னால போர்ட் ரொம்ப முக்கியம். மறந்துராதிய."

"போர்டு வைக்காம விடுவனா டீச்சர்? பக்காவா வச்சிருதேன்."

பெட்டிகள் வந்த அன்று நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். திரும்பி வருவதற்குள் மாமா அவற்றை மேசைமேல் சுவரோடு ஒட்டி நிறுத்தி, அசையாமல் ஆணியும் அடித்து, ஐயரைக் கூப்பிட்டு ஜெபமும் பண்ணி முடித்திருந்தார். (எங்கள் பக்கம் போதகரை ஐயர் என்போம்.) ஜெபம் பண்ணின பெட்டியைப் பிடுங்கித் திருப்பிப் பார்க்க யாருக்கு மனசு வரும்? முன்பக்கமாகவே ஸ்பீக்கரைப் பொருத்தி, கீழே விட்டிருந்த ஓட்டை வழியாக ஒயரை இழுத்து, பாட்டைப் போட்டேன்.

பெண்கள் குரல் கண்ணாடி மாதிரி இருந்தது. மாமா குரல் மட்டும் யாரோ பக்கத்துத் தெருவில் தொண்டையைச் செருமுகிற மாதிரி வந்தது. பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மாமாவின் முகம் தொங்கிப்போனது.

"என் குரல் அவ்வளவுதானா எம்மா?"

"மாமா, மானிட்டர் உள்ளதை உள்ளபடி சொல்லும். நாமதான் ஏத்தணும்" என்றேன், பெரிய இவளாட்டம்.

ஏற்றினேன். "இன்னும் கொஞ்சம்" என்றார். இன்னும் ஏற்றினேன். "அண்ணனுக்குக் காது கேக்காதுல்லா, கூட ஒரு பிடி போடு" என்றார், உப்பு போடச் சொல்வதுபோல. கம்ப்யூட்டரில் அடிக்குரலைக் கூட்டுகிற கோடு உச்சியில் போய் முட்டி நின்ற பிறகுதான் மாமா குரல் மனிதக் குரலாகக் கேட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் வீட்டுக்காரர் மட்டும், "இவ்வளவு ஏத்தலாமா?" என்று இழுத்தார். அவர் துறைமுகத்தில் கப்பல் கம்பெனிக் கணக்கு பார்க்கிறவர். ஒலியைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும் என்று அடக்கிவிட்டேன்.

அசனம் வந்தது. தகரப் பந்தல். இலை போட்டு வரிசையாக ஜனம். முதல் வரிசையில், மைக்செட் பெட்டிக்கு நேர் எதிரே, பெரிய மாமா. மைக்செட்காரர் அன்றைக்கென்று தசராவுக்குக் குலசேகரன்பட்டினம் கொண்டுபோகிற ஆளுயரப் பெட்டிகளை இறக்கியிருந்தார். அதைப் பார்த்ததும் நான் தூண் பக்கமாகத் தள்ளி நின்றுகொண்டேன். மாமா வேட்டியை மடித்துக் கட்டி, கறி வாளியோடு அண்ணன் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

பாட்டு தொடங்கியதுமே ஏதோ சரியில்லை. தண்ணீர் டம்ளர்கள் தாமாக நகர்ந்தன. பிறகு மாமாவின் வரி வந்தது.

வரி என்றா சொன்னேன்? ஆழியும் இல்லை, அடியும் இல்லை, நீரும் இல்லை. "ஊஊஊம்" என்று ஒன்று பந்தலுக்குள் புகுந்தது. தகரம் தடதடவென்று ஆடி, அதிலிருந்த வருஷக்கணக்கான தூசி அத்தனையும் சோற்றின் மேல் இறங்கியது. ஒரு குழந்தை வீறிட்டது. பின்வரிசையில் ஒருவர், "ஏலே, லாரி உள்ள வாரான்ல, எந்திரிங்க" என்று இலையைத் தாண்டி ஓடினார். அவரைப் பார்த்து ஒரு வரிசையே எழுந்தது. யாரோ ரசம் வாளியில் காலை விட்டார்கள். குழுத் தலைவர் என்னைத் தேடிப் பிடித்து, அழாத குறையாகக் கேட்டார்: "டீச்சர், பாட்டுல பொம்பளையாளுவ எங்க டீச்சர்?"

மைக்செட்காரர் ஒயரைப் பிடுங்கினார். பந்தல் அடங்கியது. மாமா கரண்டியும் கையுமாக நின்றார். அவருடைய ஒரே வரி. அதில் ஒரு சொல்கூட யாருக்கும் விளங்கவில்லை. நான் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, எப்படியாவது இன்றைக்கே வேறு ஊருக்கு மாற்றல் கிடைக்குமா என்று யோசித்தேன். மாமாவின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

பெரிய மாமா ஒருவர்தான் எழுந்திருக்கவில்லை. சட்டையில் விழுந்த தூசியைத் தட்டிவிட்டு, நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, தம்பியை அண்ணாந்து பார்த்தார்.

"ஏலே, இப்ப வந்தது நீயா?"

மாமா தலையை மட்டும் ஆட்டினார்.

"கேட்டுச்சுல. இங்கன வந்து கேட்டுச்சு" என்று நெஞ்சைத் தட்டிக் காட்டினார். "இத்தன வருஷமா இந்தக் குரலை வச்சுக்கிட்டா பேசாம நின்ன?"

மாமா வாளியைக் கீழே வைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அண்ணன் இலையில் தூசி விழுந்த சோற்றை வழித்துப்போட்டுவிட்டு, புதுச் சோறாக வைத்தார். கறி மட்டும் மற்றவர்களுக்கு விழுந்ததைவிட இரண்டு பங்கு விழுந்தது. நான் தூணடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்பாடா என்று இருந்தது. அவ்வளவு பெரிய அப்பாடா என் வாழ்நாளில் பிரசவத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான்.

வீட்டுக்கு வந்ததும் ஆணியைப் பிடுங்கிப் பெட்டியைத் திருப்பினேன். துளை இருக்க வேண்டிய இடத்தில் வட்டமாக ஒரு பலகை. நாலு ஸ்க்ரூ, சுற்றிலும் பட்டி பூசி, மேலே மைக்கா ஒட்டி, அவ்வளவு நேர்த்தி. பெட்டி மாமா குரலை அமுக்கிக் காட்டியதால்தான் நான் அவ்வளவு ஏற்றியிருக்கிறேன். ஆசாரி அண்ணாச்சிக்குப் போன் போட்டேன்.

"ஓட்டையை ஏன் அண்ணாச்சி மூடினிய?"

"வட்டமா ஓட்டை போட்டு, போர்டுன்னு எழுதியிருந்தியளே டீச்சர். அதான் போர்டு வச்சு மூடினேன். எலி போவக் கூடாதுல்லா."

"அது போர்டு இல்ல அண்ணாச்சி, போர்ட்."

"நானும் அதைத்தான டீச்சர் சொல்லுதேன்."

இதைக் கேட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், "போர்ட்டை மூடிட்டா கப்பல் எப்படி வரும்?" என்று சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். துறைமுகம் பூராவும் சொல்லியும் வைத்தார். இன்றைக்கும் அவருடைய ஆபீஸ்காரர்கள் என்னைப் பார்த்தால், "என்ன மேடம், போர்ட் திறந்திருக்கா?" என்றுதான் விசாரிப்பார்கள்.

பலகையைக் கழற்றிவிட்டுப் பாட்டைப் புதிதாகச் சரிசெய்தேன். இந்த முறை பெண்கள் குரலும் இருந்தது, மாமாவின் வரியும் சொல்லுக்குச் சொல் கேட்டது. குழுத் தலைவர் மனம் குளிர்ந்தார். மாமாவும் கண்ணை மூடி முழுக்கக் கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு எம்மா. ஆனா இது அண்ணனுக்குக் கேக்காதே."

அதனால் இப்போதெல்லாம் ஒவ்வொரு பாட்டும் இரண்டு விதமாகத் தயாராகிறது. ஒன்று ஊருக்கு. இன்னொன்று, ஸ்க்ரூவை முடுக்கிப் பலகையை மறுபடி மாட்டி, மாமா பக்கத்தில் உட்கார்ந்து "கூட ஒரு பிடி" சொல்லச் சொல்ல, பெரிய மாமா ஒருவருக்கு மட்டும். வீட்டில் யாரிடமாவது சத்தமாகச் சொல்ல வேண்டும் என்றால்கூட, "போர்டு போட்டுச் சொல்லு" என்பதே வழக்கமாகிவிட்டது.

பெரிய மாமா இதற்கென்றே வீட்டில் பெரிய ஸ்பீக்கர் ஒன்று வாங்கி வைத்திருக்கிறார். பாட்டை அனுப்பியதும் மாமா சாத்தான்குளத்துக்குப் போன் போடுவார். "கேக்குதா அண்ணே?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவார். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பாத்திரங்கள் கிடுகிடுக்கிற சத்தம் மட்டும் வரும். பிறகு பெரிய மாமாவின் குரல் வரும்.

"கேக்குதுல தம்பி. நீ பாடு."