இல்லாத கருவிக்குக் காத்திருந்த கணினி

கணினி தெரிந்த ஒருவன் வீட்டில் இருந்தால், ஒழுங்காக ஓடுகிற சாமான் எதுவும் ஒழுங்காக ஓடாது. எங்கள் வீட்டில் அந்த ஒருவன் நான்.

சண்டை முடிந்து எங்கள் ஊரான ஓலைத்தொடுவாயில் மீளக் குடியேறி, வீட்டுக்கு மின்சாரம் வந்த புதிது. அக்காவின் மாமி, அதாவது அத்தானின் அம்மா, தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து திரும்பியபோது, அக்காவின் கலியாண சீடியைச் சேலைகளுக்குள் பொத்தி வைத்துக் கொண்டுவந்தார். அத்தான் கடைசிச் சண்டையில் காணாமல் போனவர். இடம்பெயர்ந்த அலைச்சலில் அவருடைய ஒரு படம்கூட மிஞ்சவில்லை. அக்காவுக்கு அந்த முகத்தை ஒருக்காப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

சீடி பழைய விண்டோசில் மட்டுமே திறக்கும். மன்னார் டவுனில் ஏதாவது கடையில் அப்படியொரு பழைய பெட்டி இருந்திருக்கும். (அது மூளை உள்ளவர்களுக்கு.) நானோ மடிக்கணினியை விழிக்க வைக்கிற, அதோடு வந்த ஃபேர்ம்வேரைத் தூக்கி எறிந்துவிட்டு, யாரும் திருத்தக்கூடிய திறந்த மூல ஃபேர்ம்வேர் போட்டிருந்த பெரிய ஆள். கணினிக்குள்ளேயே பழைய விண்டோசோடு இன்னொரு கணினியை ஓட்டி, சீடி டிரைவை நேரே அதனிடம் ஒப்படைக்கப் போகிறேன் என்று கிளம்பினேன். அதற்கு உதவுகிற கருவி கணினிக்குள் எந்த முகவரியில் இருக்கிறது என்பதை, கணினி விழித்ததும் படிக்கும் அட்டவணை ஒன்றில் எழுத வேண்டும். இணையத்தில் யாரோ எழுதியிருந்ததை ஈயடிச்சான் கொப்பி அடித்தேன். அவருடைய மொடல் வேறு என்பதைக் கவனிக்கவில்லை.

போட்டுப் பார்க்காமலே, ஞாயிறு பூசை முடிய எல்லோரையும் கூப்பிட்டும் விட்டேன். அக்கா நல்ல சேலை உடுத்தி முன் கதிரையில் இருந்தாள். பொத்தானை அமுக்கினேன். திரை கறுப்பு. கறுப்பாகவே நின்றது. மாமி மெல்லச் செபமாலையைத் தொடங்கிவிட்டார். (அதுவும் வேலை செய்யவில்லை.)

"என்னடா தம்பி, என்ன நடந்தது?" என்றாள் அக்கா.

"இல்லாத சாமானை இருக்கு எண்டு எழுதிப்போட்டன் அக்கா. இது அதைக் கூப்பிட்டுப்போட்டுப் பதிலுக்குப் பாத்துக்கொண்டு நிக்குது."

"எவ்வளவு நேரம் நிக்கும்?"

"பதில் வராட்டி, அப்பிடியேதான் நிக்கும்."

அக்கா மடிக்கணினியை மெல்லத் தடவினாள். "பாவம். இதுவும் என்னைப் போல."

மாமியின் செபம் பாதியில் நின்றது. எனக்கு அந்த இடத்திலேயே செத்துப்போகலாம் போல இருந்தது.

அடுத்த கிழமை டவுனில் ஒரு கடைக்காரர் சீடியைத் தன் பழைய பெட்டிக்குள் தள்ளினார். தேத்தண்ணி வருவதற்குள் அத்தான் திரையில் சிரித்தார். அக்கா வெளியே போய் அழுதுவிட்டு வந்து, "இன்னொருக்காப் போடுங்கோ" என்றாள்.

அத்தான் இன்னும் வரவில்லை. பஸ் பிந்தினாலும் அரசாங்கக் கந்தோரில் காக்க வைத்தாலும், "நானும் தம்பியின்ர லப்டொப்பும்" என்று சொல்லி அக்கா சிரிக்கிறாள். அவள் சிரிக்கத் தொடங்கும்வரை வீட்டில் வேறு யாரும் சிரிப்பதில்லை.