கனவளவு மாஸ்டரின் கணக்கு

மீன் துண்டை அடிமட்டத்தால் அளந்த பிறகே வாயில் வைத்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் எங்கள் கனவளவு மாஸ்டர். இப்போது என் தட்டில் யாரும் அடிமட்டம் வைப்பதில்லை. சாப்பாடு சீக்கிரமே முடிந்துவிடுகிறது.

அறுபதுகளில், திருகோணமலைத் துறைமுக வாசலுக்கு அருகே கிண்ணியாக் காக்கா நடத்திய விடுதியில் எங்களுக்கு ஒரே அறை. அவர் உயிரியல் படிப்பித்தார். நான் துறைமுகத்தில் எழுதுவினைஞர். உயிர்க்கலம் ஏன் பெரிதாக வளர்வதில்லை என்று வகுப்பில் சொல்லியும் ஆசை அடங்காமல், சாப்பாட்டு மேசையிலும் சொல்வார்.

“காக்கா, இந்தப் பாரைத் துண்டு பெரிசு. பக்கம் ரெண்டு மடங்கானா மேற்பரப்பு நாலு மடங்கு, கனவளவு எட்டு மடங்கு! தோலுக்குள்ளால போற புளி நடுவுக்குக் காணாது. கலமும் இப்பிடித்தான். பெருத்தாப் பட்டினி கிடக்கும்.”

“நீங்க பட்டினி கிடக்காம திண்டுட்டுப் போங்க, மாஸ்டர்.”

அந்த ஆண்டு காக்கா பின்வளவில் நீளமாக ஒரு கொட்டில் போட்டார். பத்துப் பேர் இருபது பேரானோம். கிணறும் சமைக்கிற குசினியும் கக்கூசும் பழையபடி ஒவ்வொன்றுதான். காலையில் வாளியோடு நின்றால் எனக்கு முன்னால் பதினொரு பேர். மாஸ்டர் மட்டும் பரம திருப்தியோடு நின்றார்.

“பாத்தீரா? உள்ளுக்குப் பெருத்துப் போச்சு, வாசல் பெருக்கேல்லை. இனிப் பிரியத்தான் வேணும்.”

பகிடி என்று நினைத்தேன். அவரோ நிலாவெளி வீதியில் வீடு பார்த்து, பாதிப் பேரைச் சேர்த்தும் விட்டார். நானும் பெட்டியைக் கட்டினேன்.

“நீர் எங்க வாறீர்?”

“உங்களோடதான்.”

“ஏலாது. கலம் பிரியேக்க, அதை நடத்துற கரு ரெண்டு பக்கமும் இருக்க வேணும். அங்க நான். இஞ்ச எல்லாத்தையும் எண்ணிக்கொண்டு திரியிற நீர்தான்.”

“ரெண்டு கருவும் ஒரு பக்கம் இருந்தா என்ன?”

“மற்றப் பக்கம் செத்துப்போகும், ஐசே.”

“ரெண்டு பேரும் போனா நானும் மௌத்தாகிருவன்!” என்றார் காக்கா குசினிக்குள்ளிருந்து.

விடுதியிலேயே நின்றுவிட்டேன். கொஞ்ச நாளில் மாஸ்டருக்கு மலைநாட்டுக்கு இடமாற்றம் வந்தது. பிறகு நான் அவரைக் காணவேயில்லை.

விடுதி மறுபடி மூச்சுவிட்டது. சோறு சூடாக வந்தது. குளித்துவிட்டு நேரத்துக்கு வேலைக்குப் போனேன். அவர் கணக்கில் ஒரு பிழையும் இல்லை.

ஒன்றாவது இருந்திருக்கலாம்.