மாமனார் தீட்டிய கத்தரி

"ஆ! ஐயோ!" என்று நாற்காலியில் இருந்த பெண்மணி அலறியதும், முடி வெட்டிக்கொண்டிருந்த மருமகள் கத்தரியை அப்படியே நிறுத்தினாள்.

வெட்டுப்பட்டிருக்க வேண்டிய முடி வெட்டுப்படவில்லை. இரண்டு அலகுக்கும் நடுவே மடங்கிச் சிக்கிக்கொண்டு, பாதி உச்சந்தலையை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது.

"ஒரு நிமிஷம் பொறுத்துக்கோங்க மேடம்" என்று சிரித்துச் சமாளித்தபடி முடியை ஒவ்வொன்றாக விடுவித்தாள். வீட்டின் முன்னறையில் பார்லர் வைத்த நாளிலிருந்து அவள் கையை விட்டு இறங்காத கத்தரி அது. நேற்றுவரை ஒரு குறை வைத்ததில்லை.

உள்ளேயிருந்து மாமனார் எட்டிப் பார்த்தார். முகமெல்லாம் பல்.

"எப்படிம்மா இருக்கு? காலையில நீ எழுந்திருக்கறதுக்குள்ள தீட்டி வெச்சுட்டேன். சொல்லாம செய்யறதுலதான் சந்தோஷமே."

அவள் கையிலிருந்த கத்தரியைத் திருப்பிப் பார்த்தாள்.

மாமனார் ஆயுள் முழுக்கக் கடைசல் பட்டறையில் இரும்போடு மல்லுக்கட்டியவர். ஓய்வு பெற்றதும் மனிதர் சுண்டிப்போனார். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, போகிற வருகிற வண்டிகளில் எது எண்ணெய் காணாமல் கத்துகிறது என்று சொல்வதோடு அவர் பேச்சு முடிந்துவிடும். போன வாரம்தான் வீட்டுக்குப் பின்னால் ஒரு சாணைக்கல்லைப் பொருத்தினார். அன்றே ஆள் புது மனிதர். அரிவாள், ரம்பம், தோட்டத்துக் கத்தரி என்று அகப்பட்டதையெல்லாம் தீட்டினார். வெண்ணெய் தடவும் கத்தியைக்கூட விடவில்லை. அதில் மகன் விரலை வெட்டிக்கொண்டதை அவர் ஒரு பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

இப்போது இரும்பு செதுக்கும் உளிக்கு வைக்கிற மாதிரி அவள் கத்தரிக்கு நேர்சாய்வாக விளிம்பு வைத்திருந்தார். முடி வெட்டும் கத்தரியின் விளிம்பு லேசான வளைவோடு இருக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. தெரியாது என்று அந்த முகத்தைப் பார்த்து யார் சொல்வது?

"பிரமாதம் மாமா!" என்றாள் அவள்.

"உள்ளதைச் சொல்லிட வேண்டியதுதானே?" என்றான் கணவன், விஷயம் கேட்டு.

"உங்க அப்பாதானே? நீங்களே சொல்லுங்க."

"நானா? எனக்கு இன்னும் விரல்ல கட்டே பிரிக்கலை."

"பாவங்க. இப்பத்தான் மனுஷன் சிரிக்கிறார். அவர் மனசு நோகக் கூடாது. நான் பாத்துக்கறேன்."

கடைத்தெருக் கோடியில் சாணை பிடிப்பவர் ஒருவர் இருந்தார். கத்தரியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தவர் கண்கலங்காத குறை.

"யாரும்மா இதை இப்படிக் கொலை பண்ணது?"

"எங்க மாமா."

"சரி சரி. நான் ஒண்ணும் சொல்லலை."

"சரி பண்ணிக் கொடுத்துடுங்கண்ணே. அவருக்கு மட்டும் தெரியவே கூடாது. கூலிக்குப் பதிலா உங்களுக்கு நான் முடி வெட்டிவிடறேன்."

சாணைக்காரர் தலையைத் தடவிப் பார்த்தார். சீப்பே நுழையத் தயங்கும் காடு. சந்தோஷமாகச் சம்மதித்தார்.

மறுநாள் கத்தரி பழையபடி வழுக்கிக்கொண்டு போனது. மாமனார் அருகில் வந்து நின்று பார்த்தார். வேலை முடிந்ததும் அதை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, வெகு நேரம் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது என் கைதானா!" என்றார்.

"பின்ன யார் கை மாமா?" என்றாள் அவள். அவளுக்கு மனசு நிறைந்துபோனது.

அதற்குப் பிறகு ஒரு வாரம் அவர் சாணைக்கல் பக்கமே போகவில்லை. சாயங்காலமானால் குடையை எடுத்துக்கொண்டு, "வாக்கிங் போறேம்மா, உடம்புக்கு நல்லது" என்று கிளம்பிவிடுவார். தப்பித்தோம் என்று அவள் மூச்சு விட்டாள்.

விட்ட மூச்சை அடுத்த வாரமே திரும்ப இழுக்க வேண்டியதாயிற்று. பார்லரில் இருந்த மற்ற கத்தரிகள் அத்தனையும் காணோம். பின்பக்கமிருந்து சாணைக்கல் சத்தம். மத்தியானம், ஒவ்வொரு கத்தரியையும் பழைய செய்தித்தாளில் சுற்றி, நூல் கட்டி, கல்யாணச் சீர் கொடுப்பதுபோல் அவள் கையில் வைத்தார் மாமனார். பிரித்துப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை. அப்படியே பையில் போட்டுக்கொண்டு கடைத்தெருக் கோடிக்கு ஓடினாள்.

சாணைக்காரர் பொட்டலங்களைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். எச்சில் விழுங்கினார்.

"நாளைக்கு வாங்கிக்கோங்கம்மா. ஆனா கூலி எல்லாம் வேணாம். இதுல எனக்கு ஒண்ணும் பெரிய வேலை இல்ல."

என்ன அடக்கம் என்று அவள் நெகிழ்ந்துபோனாள். "அதெல்லாம் முடியாது. உக்காருங்கண்ணே."

போன வாரம்தான் வெட்டிய தலை. இன்னும் கொஞ்சம் குறைத்தாள். மறுநாள் பொட்டலங்கள் அதே தாளில், அதே நூல்கட்டோடு திரும்பி வந்தன. வித்தியாசமே தெரியாதபடி எவ்வளவு கவனமாகக் கட்டியிருக்கிறார்! கத்தரிகளோ ஒன்றை ஒன்று மிஞ்சின.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. வந்த வாடிக்கையாளர்களிடமெல்லாம் அவளே, "எல்லாம் எங்க மாமா கைவண்ணம்" என்று பெருமை அடித்துவிட்டாள். அவர் காதில் விழட்டும் என்றுதான் சொன்னாள். அது தெரு முழுக்க விழுந்தது. எதிர்வரிசை சலூன்காரர் தன் கத்தரிகளைக் கொண்டுவந்தார். பக்கத்துத் தெரு பார்லர்காரி ஒரு பை நிறையக் கொண்டுவந்தாள். தையல்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, நாளைக்கு வருவதாகச் சொல்லிப் போனார்.

"நான் போய்க் கொடுத்துட்டு வர்றேன் மாமா, நீங்க எதுக்கு அலையணும்?" என்று ஒவ்வொரு பொட்டலத்தையும் அவளே வாங்கிக்கொள்வாள். வாங்கியது நேராகச் சாணைக்காரரிடம் போகும். பார்லரில் காத்திருப்பவர்கள் அலுத்துப்போய் எழுந்து போனார்கள். மாமனாரோ இரண்டு சுற்று பருத்து, பாட்டெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு திரிந்தார். அதைப் பார்க்கும்போது கால்வலி பறந்துவிடும்.

ஒருநாள் சாயங்காலம், பையும் கையுமாகக் கடைத்தெரு முனையில் திரும்பியவள், எதிரே குடையோடு வந்த மாமனார் மேல் மோதப் போனாள்.

"மாமா! இங்க எங்க?"

"வாக்கிங்! வாக்கிங்தாம்மா. நீ?"

"ஹேர்பின் வாங்க."

"வாங்கு, வாங்கு. நிறைய வாங்கு" என்று சொல்லிவிட்டு, அவள் பையின் பக்கம் பார்க்காமலே அவர் விறுவிறுவென்று நடந்தார். நல்லவேளை, சந்தேகப்படவில்லை என்று அவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

இதற்குள் சாணைக்காரர் தலை பளபளக்க ஆரம்பித்திருந்தது. அவர் "வேணாம்மா" என்று சொல்லச் சொல்ல, நன்றி மறக்கக் கூடாது என்று அவள் வெட்டிக்கொண்டே இருந்தாள். அவர் தலை தீர்ந்ததும் அவர் மகன் தலை. அது தீர்ந்ததும், சும்மா பார்த்துவிட்டுப் போக வந்த மச்சான் தலை. மச்சான் அன்று மாலையே ஊருக்குக் கிளம்பிவிட்டான்.

கடைசியில் தையல்காரரின் கத்தரிகளும் சேர்ந்து பை கனத்த அன்று, கடையில் சாணைக்காரரோடு அவர் மனைவியும் இருந்தாள். முழங்கால் வரை தொங்கும் பின்னல்.

"இத்தனை வேலைக்கு நான் என்ன கைம்மாறு செய்யறது?" என்று சுற்றுமுற்றும் பார்த்தவளின் கண் அந்தப் பின்னலில் போய் நின்றது.

"வேணாம்மா, இவளுக்கு வேணாம்" என்றார் சாணைக்காரர் பதறி.

"நீங்க எப்பவும் இப்படித்தான் சொல்வீங்க. அக்கா, உக்காருங்க. தோள் வரைக்கும் வெட்டினா உங்க முகத்துக்கு அவ்வளவு அழகா இருக்கும்!"

அந்த அம்மாள் புருஷனைப் பார்த்தாள். அவர் கண்ணாலேயே 'சொல்லாதே, சொல்லாதே' என்று கெஞ்சினார். பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். இவள் பின்னலைத் தூக்கிப் பிடித்தாள். கத்தரி வாயைத் திறந்தது.

அந்த அம்மாள் பின்னலைப் பிடுங்கிக்கொண்டு துள்ளி எழுந்தாள்.

"புண்ணியமாப் போகும், என் முடியை விட்டுடும்மா! அந்த முதல் கத்தரிக்கு அப்புறம் இவரு ஒண்ணையும் தொட்டதே இல்ல. உங்க மாமாதான் தினம் சாயங்காலம் இங்க வந்து உக்காந்து வேலையைக் கத்துக்கிட்டுப் போயி, 'என் மருமக தூக்கிட்டு வந்தா பேசாம வாங்கி வெச்சு அப்படியே திருப்பிக் குடுத்துடு, அவ மனசு நோகக் கூடாது'ன்னு சத்தியம் வாங்கிட்டாரு!"