சூசை மாமா மேல் ஏறி நின்ற நாள்

எங்கள் கன்னியாகுமரி ஜில்லாக்காரர்களுக்கு ஒரு சீக்கு உண்டு. தும்மல் இரண்டு தடவை வந்தாலே திருவனந்தபுரம் கொண்டு போகணும். (எனக்குக் காது குத்தியதே அங்கேதான் என்று அம்மா இப்போதும் பீற்றிக்கொள்வாள்.)

இரண்டாயிரத்துப் பத்து வாக்கில், எலும்பு டாக்டரான புதுசில், தக்கலைப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் டூட்டியில் இருந்தேன். அம்மாவின் அண்ணன் சூசை மாமாவை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். இனயம் கடற்கரையில் சொந்த வள்ளம் வைத்து மீன்பிடிக்கக் கடலுக்குப் போகிறவர். பேச்சிப்பாறைக்குக் குடும்பத்தோடு டூர் போன வேனில் அடம்பிடித்து முன் சீட்டில் உட்கார்ந்திருக்கிறார். வேன் மரத்தில் மோதியதில் கால்முட்டு டேஷ்போர்டில் இடித்து, இடுப்பு மூட்டு பின்னால் நழுவிவிட்டது. கால் மடங்கி, உள்பக்கம் திரும்பி, குட்டையாகத் தெரிந்தது.

எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை. நழுவிய மூட்டைச் சீக்கிரம் திரும்ப இடத்தில் போட்டுவிட்டால் தப்பித்தார். நேரம் கடந்தால் தொடை எலும்பின் தலைக்கு ரத்தம் போகாமல் அது செத்துவிடும். வாசலில் நின்ற சொந்தக்காரக் கூட்டமோ திருவனந்தபுரத்துக்கு ஆம்புலன்ஸ் பேசிக்கொண்டிருந்தது. பெரிய டாக்டர் வேறோர் ஆபரேஷனில் இருந்தார். என்னையே போடச் சொல்லி அனுப்பிவிட்டார்.

மாமா என்னை மேலும் கீழும் பார்த்தார். “மக்கா, ஒன்னால இழுக்க முடியுமா?”

“அங்க போய்ச் சேருததுக்குள்ள நேரம் போயிரும் மாமா. பொறவு இந்தக் கால வச்சு வள்ளத்துல நிக்க முடியாது.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். “அப்ப செய்யி.”

மயக்க மருந்து கொடுத்தாயிற்று. கட்டிலில் ஏறி நின்று, மடக்கிய காலை மேல்நோக்கி இழுப்பதுதான் முறை. புத்தகப் படத்தில் ஆஜானுபாகுவான ஒருவர் கம்பீரமாக நின்று இழுப்பார். இங்கே நான், கோட்டை இடுப்பில் செருகிக்கொண்டு, கட்டிலில் ஏறியும் உயரம் போதாமல், பல்லைக் கடித்து இழுக்கிறேன். ஆண் நர்ஸ் மாமாவின் இடுப்பை அமுக்கிப் பிடித்திருந்தார். மூட்டு அசையவில்லை. அந்த நேரம் பார்த்துத் திரையை விலக்கி மாமி எட்டிப் பார்த்தாள்.

“ஏட்டி, அவர மிதிச்சா கொல்லுத?”

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். மூட்டு ‘டொக்’கென்று உள்ளே போயிற்று. பிடி நழுவி, பக்கத்திலிருந்த டிரேயையும் தட்டிவிட்டு, நான் தரையில் கிடந்தேன். அந்தச் சத்தத்தில் மாமாவின் உயிரே போய்விட்டதென்று மாமி மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரியைத் தொடங்கினாள். வெளியே இருந்த கூட்டம் என்ன ஏதென்று கேட்காமலேயே சேர்ந்து அழுதது. மாமா அத்தனைக்கும் நடுவில் குறட்டை விட்டார், இரண்டு காலும் ஒரே நீளத்தில்.

இடுப்பைப் பிடித்துக்கொண்டு வெளியே போய், மூட்டு ஏறிவிட்டது, நல்லா இருக்கிறார் என்றேன். ஒருவரும் நம்பவில்லை. (நொண்டிக்கொண்டு நின்றவள் நானல்லவா.) மறு எக்ஸ்ரேயைப் பார்த்துப் பெரிய டாக்டர், நேரத்துக்குப் போட்டாய் என்றார். எனக்கு அன்றைக்குப் பசியே எடுக்கவில்லை, அவ்வளவு பெருமை.

மாதக்கணக்கில் ஓய்வெடுத்துவிட்டு மாமா மறுபடியும் கடலுக்குப் போனார். அடுத்த வருஷக் கோயில் திருவிழாவில் சப்பரத்தின் முன்கம்பு அவர் தோளில் இருந்தது. அன்றிலிருந்து வருஷா வருஷம் சப்பரம் என் முன்னால் வந்ததும் நின்றுவிடும். மாமா ஊரே கேட்கும்படி கூப்பிடுவார்.

“மருமவளே, காலு நல்லா ஒறப்பாட்டு நிக்குது. வேணும்னா நீயும் மேல ஏறிக்கோ.”